விடியலுக்கு முன் வேகும் ரொட்டி

நாட்செஸ் டிரேஸ் சாலையில் விளம்பரப் பலகைகள் கிடையாது. சரக்கு லாரிகளுக்கும் அனுமதி இல்லை. மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் ஊரில் தொடங்கி, காடும் புல்வெளியுமாக 444 மைல், அதாவது ஏறத்தாழ 715 கிலோமீட்டர் வளைந்து வந்து, டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லின் தென்மேற்கு விளிம்பில் அது முடிகிறது. முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, நெடுஞ்சாலை 100-இன் ஓரத்தில், பழைய நியான் பலகையோடு நிற்கிறது லவ்லெஸ் கஃபே. 1951-இல் லான் லவ்லெஸும் அவர் மனைவி ஆனியும் அந்த வழியாகக் காரில் போகிறவர்களுக்குத் தங்கள் வீட்டு வாசலில் பொரித்த கோழியும் பிஸ்கட்டும் விற்றார்கள். அங்கிருந்து வளர்ந்த கடை இது.

தேநீரில் நனைத்துத் தின்னும் மொறுமொறுப்பான பண்டத்தை மறந்துவிட்டுத்தான் இங்கே உட்கார வேண்டும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிஸ்கட் என்றால் ஈஸ்ட் சேர்க்காமல் சுடும் சின்ன ரொட்டி. மைதா, கொழுப்பு, மோர், உப்பு, மாவை உப்பவைக்கும் சோடா, இவ்வளவுதான் பொருள்கள். இனிப்பு இல்லை, முட்டை இல்லை. லவ்லெஸில் மேசைக்கு வந்ததும் நாம் கேட்காமலே ஒரு தட்டு பிஸ்கட் வந்துவிடுகிறது. கூடவே பீச், ஸ்ட்ராபெரி, பிளாக்பெரிப் பழப்பாகு. மேற்புறம் பொன்னிறம். ஒன்றையொன்று ஒட்டி வெந்ததால் பக்கங்கள் மட்டும் வெளுத்து, மென்மையாக இருக்கின்றன. கத்தி வேண்டாம். இரண்டு கையாலும் பிளந்தால் ஆவி எழும்பும். உள்ளே வெண்ணெய் வைத்தால் அது உருகிக் கீழே இறங்குவதற்குள் முதல் வாய் போயிருக்கும்.

தட்டில் மிஞ்சிய ஒன்றைக் காப்பி குடித்து முடித்த பிறகு எடுத்தேன். மேலோடு இறுகியிருந்தது. உள்ளே இருந்த ஈரம் எங்கோ போயிருந்தது. கெட்டுப்போகவில்லை, ஆனால் அது வேறு பண்டம். இந்த ரொட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது. நேற்றுச் சுட்டதை இன்று வைக்க முடியாது. காலையில் சுட்டது மதியத்துக்கு ஆகாது. ஆகவே இதைச் சூடாகச் சாப்பிட்ட ஒவ்வொருவருக்காகவும் வேறு ஒருவர் அவருக்கு முன்பே எழுந்திருக்கிறார். இந்தக் கடையில் நெடுங்காலம் அப்படி எழுந்து வந்தவர் கேரல் ஃபே எலிசன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வரை போய்ப் பிஸ்கட் சுட்டுக் காட்டியவர். ‘பிஸ்கட் லேடி’ என்றே ஊர் அவரை அழைத்தது. 2010-இல் காலமானார். அவருக்கு முன்னால் எழுந்தவர்கள் யார், அவர்களுடைய வேலையைக் குறைக்க என்னென்ன வந்தன, இன்னும் கையிடமே மிஞ்சியிருக்கும் வேலை எது என்று பார்க்கத்தான் நாஷ்வில்லிலிருந்து கிழக்கே, மலைகளைத் தாண்டி வர்ஜீனியா வரை காரில் போனேன்.

வானொலியில் வந்த மாவு

நாஷ்வில் கிராமிய இசையின் தலைநகர். ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற வானொலி நிகழ்ச்சி 1925-இல் இங்கே தொடங்கி இன்றும் நடக்கிறது. அதன் மேடையில் பல பத்தாண்டுகளாகத் தெரியும் பெயர்களில் ஒன்று மார்த்தா ஒயிட். அவர் பாடகி அல்லர். ஒரு மாவின் பெயர். 1899-இல் நாஷ்வில்லில் மாவு ஆலை நடத்திய ரிச்சர்ட் லிண்ட்சி தன் சிறு மகளின் பெயரைத் தன் உயர்தர மாவுக்கு வைத்தார். 1948-இலிருந்து அந்த நிறுவனம் ஆப்ரிக்கு விளம்பரதாரர். பாஞ்சோ மேதை ஏர்ல் ஸ்க்ரக்ஸும் லெஸ்டர் ஃப்ளாட்டும் 1953-இல் இந்த மாவுக்காகவே விடியற்காலை நிகழ்ச்சி ஒன்றில் வாசிக்கத் தொடங்கினார்கள். நிகழ்ச்சியின் பெயரிலேயே பிஸ்கட் இருந்தது. விடியற்காலையை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தெளிவு. அந்த நேரத்தில்தான் தென்மாநிலம் முழுவதும் அடுக்களைகளில் விளக்கு எரிந்தது. மாவுக் கையோடு பெண்கள் வானொலியைத் திருப்பிவைத்தார்கள்.

அவர்கள் வாங்கியது வெறும் மைதா அல்ல. பேக்கிங் பவுடரும் உப்பும் ஆலையிலேயே கலந்த மாவு. தானே உப்பும் இந்த மாவுக்கு 1845-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரர் ஹென்ரி ஜோன்ஸ் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது வீட்டுப் பொருளாக வேரூன்றிய மண் அமெரிக்கத் தெற்குதான். கொழுப்பைச் சேர்த்து மோரை ஊற்றினால் போதும். காலை நேரத்தில் ஒரு வேலை குறைந்தது.

அதற்கு முன்பு இங்கே ஏழை வீட்டின் அன்றாட ரொட்டி மக்காச்சோள மாவில்தான். கோதுமைப் பிஸ்கட் ஞாயிற்றுக்கிழமைக்கு, விருந்தாளிக்கு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருளைகளால் அரைக்கும் ஆலைகளும் ரயிலும் சேர்ந்து வெள்ளை மாவின் விலையைக் கீழே கொண்டுவந்தபோதுதான் பிஸ்கட் தினசரி மேசைக்கு வந்தது.

வார்ப்பிரும்பு ஊர்

நாஷ்வில்லிலிருந்து தென்கிழக்கே போகும் ஐ-24 நெடுஞ்சாலை, மாண்டீகிள் என்ற இடத்தில் கம்பர்லண்ட் பீடபூமியிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. லாரிகள் பிரேக் இழந்தால் ஏறி நிற்பதற்கு மணல் சரிவுகள் அமைத்திருக்கிறார்கள். இறங்கி முடித்துக் கொஞ்ச தூரம் போனால், டென்னசி ஆற்றங்கரையில் சவுத் பிட்ஸ்பர்க். சின்ன ஊர், ஆனால் அமெரிக்காவின் சமையலறைகளில் இந்த ஊரின் இரும்பு கிடக்கிறது. 1896-இல் ஜோசப் லாட்ஜ் இங்கே ஒரு வார்ப்பாலை தொடங்கினார். 1910-இல் அது எரிந்துபோக, பக்கத்திலேயே மறுபடி கட்டினார்கள். லாட்ஜ் என்ற பெயரில் இன்றும் இதே ஊரில் உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிச் சட்டி வார்க்கிறார்கள். அவர்களுடைய அருங்காட்சியகத்தில் கைப்பிடியோடு சேர்த்து 18 அடி நீளமுள்ள வாணலி ஒன்று இருக்கிறது. உலகிலேயே பெரியது என்கிறார்கள். குழந்தைகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது பத்தங்குலச் சட்டியை. வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும். ஏறிய சூட்டை விடாது. குளிர்ந்த மாவை வைத்தாலும் சட்டி சட்டென்று ஆறிப்போவதில்லை. ஆகவே பிஸ்கட்டின் அடிப்பாகம் உடனே வேகத் தொடங்கி, கருகாமல் முறுகலாகிறது. சட்டியின் விளிம்பு ஓரத்துப் பிஸ்கட்டுகளைச் சாய விடாமல் தாங்குகிறது. நடுவில் இருப்பவை ஒன்றையொன்று தாங்கி, பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே எழும்புகின்றன. இந்த மலைப்பகுதி வீடுகளில் இந்தச் சட்டியை மகளுக்கும் பேத்திக்கும் எழுதிவைக்கிறார்கள். நன்றாக எண்ணெய் ஏறிப் பழகிய சட்டி புதிதைவிட உயர்ந்தது என்பதால் அதற்கு வயதாக ஆக மதிப்புக் கூடுகிறது.

கோதுமையும் மோரும்

சட்டனூகாவைத் தாண்டி வடகிழக்கே திரும்பினால் நாக்ஸ்வில். சென்ட்ரல் சாலையில் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது; இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. 1883-இல் ஜே. ஆலன் ஸ்மித் தொடங்கிய ஒயிட் லில்லி மாவு ஆலை இருந்த இடம் அது. தெற்கில் பிஸ்கட் பற்றிப் பேசும் எவரும் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஊரைவிட்டு வெளியே குடியேறியவர்கள் உறவினரிடம் சொல்லி மூட்டையில் வரவழைத்துக்கொண்ட மாவு. 2008-இல் இந்த ஆலையை மூடி, அரைக்கும் வேலையை வேறு மாநிலங்களுக்கு மாற்றினார்கள். அன்று தெற்கின் சமையல்காரர்கள் பலர் ஊர்ப் பெரியவர் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள்.

ஏன் இவ்வளவு பற்று? காரணம் கோதுமையில் இருக்கிறது. அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் விளைவது பெரும்பாலும் கடினக் கோதுமை. புரதம் அதிகம், ஈஸ்ட் ரொட்டிக்கு ஏற்றது. ஈரமும் மிதமான குளிரும் உள்ள தென்கிழக்கில் விளைவது மென்மையான சிவப்புக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்துக் கோடையின் தொடக்கத்தில் அறுக்கிறார்கள். ரொட்டி மாவில் புரதம் 12 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஒயிட் லில்லி போன்ற மாவில் 8 முதல் 9 சதவீதம்தான். தண்ணீர் பட்டதும் கோதுமைப் புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுவைத் தன்மையை உண்டாக்குகின்றன. நம் பரோட்டா மாஸ்டர் அந்த இழுவையைத்தான் வளர்க்கிறார். அடித்து, ஊறவைத்து, விசிறி, மெல்லிய தாளாக இழுத்துச் சுருட்டி அடுக்கு எடுக்கிறார். பிஸ்கட்டும் அடுக்கடுக்காகப் பிரிவதுதான். ஆனால் அது போகும் வழி நேர் எதிர். இங்கே இழுவை வளர்ந்தால் காரியம் கெட்டது. மாவிலேயே புரதம் குறைவாக இருப்பது அதற்கு முதல் காவல்.

மோர் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சியதைத்தான் இங்கும் முன்பு மோர் என்றார்கள். இன்று கடையில் கிடைப்பது கொழுப்புக் குறைத்த பாலில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களைச் சேர்த்துப் புளிக்கவைத்தது. நாம் வெயிலுக்கு நீர்விளாவிக் குடிப்பதுபோல் இல்லை. கடைந்த தயிரின் கெட்டி. நாக்ஸ்வில்லைச் சேர்ந்த குரூஸ் பண்ணை, ஜெர்சி மாடுகளின் பாலில் செய்யும் மோருக்குப் பெயர்பெற்றது. ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். புளிப்புக்குப் பின்னால் பாலின் இனிப்பு நின்றது. இந்தப் புளிப்பு வெறும் சுவைக்காக அல்ல. மோரின் அமிலமும் சமையல் சோடாவும் சந்தித்த உடனே கரியமிலவாயு குமிழியிடுகிறது. ஒரு கோப்பை மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா சரியாகப் போகும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை. அமிலம் மாவின் இழுவையையும் தளர்த்துகிறது. ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் புளித்துப்போன பாலை வீணாக்காமல் பயன்படுத்த இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது.

ஒரு மலையடிவார அடுக்களை

ஸ்மோக்கி மலைகளின் அடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பிஸ்கட் பழக வேண்டும் என்று முந்தின இரவே கேட்டுவைத்திருந்தேன். “அப்படின்னா நாளைக்கு என்கூட எழுந்திருக்கணும்” என்றார். எழுந்தபோது வெளியே இருட்டு. அடுப்பு ஏற்கெனவே 475 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 245 செல்சியஸில், சூடாகிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டுக்கு அடுப்பு முதலில், மாவு அப்புறம்.

அகன்ற மரக்கிண்ணத்தில் தானே உப்பும் மாவு இரண்டு கோப்பை போட்டார். உறைபெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய், ஆறு மேசைக்கரண்டி அளவு, ஏறக்குறைய 85 கிராம். அதைக் காய்கறித் துருவியில் துருவி மாவில் கலந்தார். விரல் நுனியால் மட்டும் புரட்டினார், உள்ளங்கை படவில்லை. “உள்ளங்கை சூடு. வெண்ணெய் உருகிடும்.” சில துணுக்குகள் பட்டாணி அளவிலும் சில அதைவிடச் சின்னதாகவும் மாவில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அவருடைய அம்மா காலத்தில் வெண்ணெய் இல்லை. வீட்டில் அறுத்த பன்றியின் கொழுப்புத்தான். அதை மாவோடு நன்றாகத் தேய்த்துவிடுவார்களாம். அப்படிச் செய்தால் அடுக்கு வராது, பஞ்சுபோல் மிருதுவாக வரும். இரண்டுக்கும் இந்த ஊரில் ஆதரவாளர்கள் உண்டு. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அடுக்குத்தான் பிடிக்கிறது.

மாவின் நடுவில் குழி பறித்து, குளிர்ந்த மோர் முக்கால் கோப்பைக்குச் சற்று மேல் ஊற்றி, முள்கரண்டியால் சில சுற்று. பார்வைக்கு அது மாவாகவே தெரியவில்லை. பிசுபிசுப்பும் உலர்ந்த பொடியுமாக, சேர்ந்தும் சேராமலும் கிடந்தது. அதைப் பலகையில் கொட்டிக் கையால் ஒன்றுகூட்டி, முக்கால் அங்குல கனத்துக்குத் தட்டினார். கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடித்தார். திருப்பிவைத்துத் தட்டி மறுபடி மூன்றாக. இன்னும் ஒரு முறை. ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்குகள் மும்மடங்காகின்றன; மூன்றாவது மடிப்பில் 27 அடுக்கு. முதல் மடிப்பில் உடைந்து கிடந்த மாவு, மூன்றாவதில் வழவழப்பாகிவிட்டது. பிசைய வேண்டிய அளவுக்கு மடிப்பே பிசைந்துவிடுகிறது.

நான் ஓரத்தைச் சரிசெய்யக் கைவைத்தேன். “போதும் ஹனி, விட்டுடு. ஒட்டியிருந்தா போதும், அழகா இருக்க வேண்டாம்” என்றார்.

வெட்டுவதற்கு வட்டத் தகர அச்சு. மாவில் தோய்த்து நேராகக் கீழே அழுத்தி நேராக மேலே எடுத்தார். திருகக் கூடாது. திருகினால் வெட்டு விளிம்பில் அடுக்குகள் ஒன்றோடொன்று பூசிக்கொண்டு ஒட்டிவிடும், வெந்தாலும் விரியாது. மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து மறுபடி தட்டியதில் வந்த பிஸ்கட்டுகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. அவற்றைத்தான் சமைப்பவர் முதலில் சாப்பிட வேண்டுமாம். வார்ப்பிரும்புச் சட்டியில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி அடுப்பில் தள்ளினார்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நிமிடம் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. பிறகு சட்டென்று எழும்பின. மடிப்புகளுக்கிடையே தட்டையாகிக் கிடந்த வெண்ணெய்த் துணுக்குகள் உருகி மாவுக்குள் போகின்றன. அவை இருந்த இடம் காலியாகிறது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, அந்தக் காலியிடத்தின் கூரையை மேலே தள்ளுகிறது. பேக்கிங் பவுடரின் வாயு மாவை உள்ளிருந்து உப்பவைக்கிறது. கடும் சூட்டில் மேலோடு இறுகி, எழுந்தது எழுந்தபடி நின்றுவிடுகிறது. வெண்ணெய் முன்பே உருகியிருந்தால் ஆவிக்கு இடமில்லை. அடுப்பு மந்தமாக இருந்தால் ஆவி வருமுன் வெண்ணெய் வழிந்துவிடும். குளிர்ந்த மாவும் கொதிக்கும் அடுப்பும் சந்திக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் அடுக்கு பிறக்கிறது.

பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார். மேலே உருகிய வெண்ணெய் தடவினார். அதே அடுப்பில் பன்றி இறைச்சிக் கொழுப்பில் மாவை வறுத்துப் பால் ஊற்றி மிளகு தூவிய வெள்ளைக் குழம்பு கொதித்தது. மரம் அறுக்கும் முகாம்களில் தொழிலாளிகளின் பசியை அடக்கிய உணவு; இன்றும் ‘சாமில் கிரேவி’ என்றே பெயர். எனக்கு இன்னொரு வழியைக் காட்டினார். வெண்ணெயையும் இனிப்புச் சோளத்தட்டையிலிருந்து காய்ச்சிய சோர்கம் பாகையும் தட்டில் குழைத்து, அதில் பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிடுவது. பாகின் கரிந்த இனிப்பும் மோரின் புளிப்பும் சேரும்போது இந்த மலைகளின் காலை உணவு முழுமையாகிறது.

“உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“சொல்லிக்கொடுக்க எங்கே நேரம்? அப்பாவுக்கு அலுமினிய ஆலையில ஆறு மணி ஷிப்ட். அம்மா நாலு மணிக்கு எழுந்திடுவாங்க. அடுப்பில விறகு போடற சத்தத்தில நாங்க முழிப்போம். மோர் ஊத்தற வேலை எனக்கு. அப்படியே பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துடுச்சு.”

அப்பாவின் மதிய டப்பாவில் உப்புக்கண்டப் பன்றித்தொடை வைத்த பிஸ்கட் இரண்டு இருக்குமாம். வாரத்தின் ஏழு நாளும், ஒரு நாள் விடாமல்.

சோடாவுக்கு முன்

நாக்ஸ்வில்லிலிருந்து வடகிழக்கே, அப்பலாச்சிய மலைத்தொடருக்கு இணையாக ஐ-81 வர்ஜீனியாவுக்குள் போகிறது. எல்லை வரை வழியெல்லாம் கிழக்கு டென்னசி. மாலிண்டா ரசல் பிறந்த மண் இது. கறுப்பினத்தவர், அடிமையாக அல்லாமல் சுதந்திரமாக வாழ்ந்தவர். பலகாரக் கடை வைத்துப் பிழைத்தார். உள்நாட்டுப் போரின்போது மிச்சிகனுக்குப் போய், 1866-இல் அங்கே ஒரு சமையல் நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் எழுதியதாக நமக்குத் தெரிந்த முதல் சமையல் நூல் அதுதான். தெற்கில் அடிமையாகப் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய ஆபி ஃபிஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்ல மற்றவர்கள் எழுதி 1881-இல் வெளிவந்த நூலில் மேரிலாந்தின் அடித்த பிஸ்கட் இருக்கிறது.

அடித்த பிஸ்கட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இன்றைய பிஸ்கட்டின் மென்மையைப் புரிந்துகொள்ள முடியாது. சோடாவும் பேக்கிங் பவுடரும் வருமுன் மாவை உப்பவைக்க விரைவான வழி இல்லை. விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைச் சிலர் பயன்படுத்தினார்கள். 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலில் அது வருகிறது. வர்ஜீனியா, மேரிலாந்து, கென்டக்கி மாநிலங்களின் பண்ணை மாளிகைகளில் வேறு வழி. மாவும் பன்றிக்கொழுப்பும் கொஞ்சம் நீரும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, மரக்கட்டை மேல் வைத்துக் கோடரியின் பின்பக்கத்தாலோ உலக்கை போன்ற தடியாலோ அடிப்பார்கள். அடித்து மடித்து, மடித்து அடித்து, மாவில் காற்றுக் கொப்புளங்கள் எழும்வரை, அரைமணி நேரமோ அதற்கு மேலோ. விருந்தாளி வந்தால் இன்னும் நீளும். அடித்தவர்கள் அடிமைகள். மாளிகையில் இருந்தவர்கள் எழுவதற்கு முன் அது முடிந்தாக வேண்டும்.

வர்ஜீனியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் மாண்ட்பெலியர் இருக்கிறது. அமெரிக்காவின் நான்காவது அதிபர் ஜேம்ஸ் மேடிசனின் மாளிகை. மாளிகையை ஒட்டி அடிமைகள் வாழ்ந்து உழைத்த முற்றத்தைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். நிலவறையில் அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சி. அடிமைகள் அறுத்த செங்கல் ஒன்றில் காயுமுன் பதிந்த விரல்தடம் அப்படியே இருக்கிறது. செங்கல்லில் கை தங்கிவிட்டது. சுட்ட அன்றே தின்று தீர்ந்துபோகும் ரொட்டியில் எந்தக் கையின் தடமும் தங்கவில்லை. இந்த உணவின் வரலாற்றை எழுதுவதில் உள்ள கடினம் அதுதான். அதனால்தான் எழுதியே ஆக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சமையல் சோடா மலிவாகக் கிடைத்தது. 1850-களில் ஹார்வர்டு வேதியியலாளர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட், பால் புளித்திருக்க வேண்டும் என்ற தேவைகூட இல்லாத பேக்கிங் பவுடரை உருவாக்கினார். அரைமணி நேர அடி, இரண்டு நிமிடக் கலப்பாகச் சுருங்கியது. பிஸ்கட் வெட்டும் அச்சு ஒன்றுக்கு 1875-இல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் ஆஷ்போர்ன் ஒரு கறுப்பினத்தவர். வேதியியலையும் உருளை ஆலையையும் நாம் கொண்டாடுகிறோம், நியாயம்தான். அவை யாருடைய தோள்களிலிருந்து பாரத்தை இறக்கின என்பதையும் கூடவே சொன்னால்தான் அந்தக் கொண்டாட்டம் முழுமை பெறும்.

விடுதலையானவர்களின் ஊர்

அதே ஆரஞ்ச் கவுண்டியில், லாகூர் என்ற பெயருள்ள ஒரு சிற்றூருக்கு அருகே ஃப்ரீடவுன் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர். அமைத்தவர்களில் ஒருவரின் பேத்தி எட்னா லூயிஸ், 1916-இல் இங்கே பிறந்தார். நான் போன சாலையில் வேலிகளும் மேய்ச்சல் நிலமும் மரங்களும்தான்; பழைய ஊர் கலைந்துவிட்டது. ஆனால் அது என்ன சாப்பிட்டது என்பது கலையவில்லை. நியூயார்க்கில் சமையற்கலைஞராகப் புகழ்பெற்ற லூயிஸ், 1976-இல் வெளியிட்ட ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’ நூலில் ஃப்ரீடவுனின் ஓராண்டுச் சமையலைப் பருவம் பருவமாக எழுதிவைத்தார். அளவுக் கரண்டி இல்லாத அந்த வீடுகளில் பேக்கிங் பவுடரை நாணயத்தின் மேல் வைத்து அளந்தார்கள். விறகடுப்பின் சூட்டை அனுபவத்தால் அறிந்தார்கள்.

கடைப் பேக்கிங் பவுடரில் ஓர் உலோக வாடை இருப்பதாக லூயிஸ் கருதினார். அதனால் டார்ட்டார் உப்பு இரண்டு பங்கும் சமையல் சோடா ஒரு பங்கும் கலந்து தானே தயாரித்துக்கொண்டார். திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் அந்த உப்பு, மோரைப் போலவே அமிலத்தன்மை உள்ளது. இந்தக் கலவையில் செய்த பிஸ்கட்டில் கோதுமையும் கொழுப்பும் மோரும் தனித்தனியாகத் தெரிகின்றன. வேலையைக் குறைக்க வந்த பொருளை ஏற்றுக்கொண்டு, சுவையைக் குறைக்கும் இடத்தில் மட்டும் நிறுத்திவைத்தார். கையால் செய்வதற்கும் கருவியால் செய்வதற்கும் இடையே எங்கே கோடு போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. 2006-இல் அவர் மறைந்தார். 2014-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவர் முகத்தை அஞ்சல்தலையில் வெளியிட்டது.

வேலையைக் குறைக்கும் முயற்சி அத்தோடு நிற்கவில்லை. 1931-இல் கென்டக்கியின் லூயிவில் நகரத்து ரொட்டிக்காரர் லைவ்லி வில்லோபி, வெட்டிய பிஸ்கட் மாவைக் குளிரூட்டிய குழலில் அடைத்து விற்கக் காப்புரிமை பெற்றார். இன்றும் கடைகளில் அந்தக் குழல் வரிசையாக நிற்கிறது. நேரம் இல்லாத வீட்டுக்கு அது பேருதவி. குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் 1977-இல் சார்லட் நகரில் தொடங்கிய போஜாங்கிள்ஸ் போன்ற சங்கிலி உணவகங்கள்கூடப் பிஸ்கட்டைக் கடையிலேயே மோர் ஊற்றி, தட்டி, வெட்டித்தான் சுடுகின்றன. அதற்கென்று ஒருவர் கடை திறக்கும் முன்பே வந்துவிடுகிறார். நூற்றைம்பது ஆண்டு வேதியியலும் இயந்திரமும் அடியைக் குறைத்தன, அளவைச் சரிசெய்தன, மாவைக் கலந்து கொடுத்தன. குளிர்ந்த வெண்ணெயை உருகவிடாமல் மாவில் மடிப்பதையும், போதும் என்று கையை எடுப்பதையும், மற்றவர் எழுமுன் எழுவதையும் இன்னும் ஒரு மனிதர்தான் செய்கிறார்.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் நாஷ்வில்லில் தொடங்கி சவுத் பிட்ஸ்பர்க், நாக்ஸ்வில் வழியாக ஆரஞ்ச் கவுண்டி வரை காரில் போகலாம். டென்னசிக்குள்ளேயே நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் போனால் புதிய சோர்கம் பாகு கிடைக்கும், மலைகளும் நிறம் மாறியிருக்கும். எங்கே சாப்பிட்டாலும் காலை எட்டு மணிக்குள் போய் உட்காருங்கள். மாவுக்கும் சட்டிக்கும் தெற்கில் பெயர்ப்பலகைகளும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. சுட்டவர்களில் மாலிண்டா ரசல், ஆபி ஃபிஷர், எட்னா லூயிஸ், கேரல் ஃபே எலிசன் எனச் சிலருடைய பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆகவே பிஸ்கட் பிடித்திருந்தால் பரிமாறியவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். இன்று காலை இதைச் சுட்டவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுக்களையை எட்டிப் பார்க்க விடுவார்கள். அவரிடமே சொல்லுங்கள்.